விற்பவரைக் காணவில்லை: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

சின்ன அத்தை: அனைவருக்கும் வணக்கம். மனைக்காகப் பதிவு செய்த கிரய உடன்படிக்கையின் கெடு சென்ற மாதத்தோடு முடிந்துவிட்டது. விற்பதாக ஒப்புக்கொண்டவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். வழக்கறிஞர் மூலம் அனுப்பிய அறிவிப்பும் அவர் கைக்குச் சேராமல் திரும்பிவிட்டது. மீதித் தொகை என் கணக்கில் தயாராக இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடாமல் கிரயப் பத்திரம் எப்படிப் பதிவாகும்?

பெரியப்பா: பதறாதே தங்கச்சி. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகச் சட்டம் கருதும் என்கிறார்கள். அதுவரை பொறுத்திருந்து வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கலாமே.

அண்ணன்: பெரியப்பா, அப்படிக் காத்திருந்தால் அத்தையின் உரிமையே கைநழுவிப் போகும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 54-ஆவது ஷரத்தின்படி, உடன்படிக்கையில் குறித்த கெடுவிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கை, அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரச் சொல்லிக் கேட்கும் வழக்கைத் தொடுத்தாக வேண்டும்.

பெரியப்பா: விற்பவருடைய தம்பி இங்கேதான் இருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால் செல்லாதா?

அண்ணன்: அதற்கான அதிகாரப் பத்திரம் அவரிடம் இல்லையென்றால் செல்லாது. ஆனால் விற்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அந்தத் தம்பியிடம் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் இறந்துபோனவர் மேல் தொடுக்கும் வழக்கு நிற்காது. வாரிசுகளைத்தான் பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டும்.

சின்ன அத்தை: அவர் நீதிமன்றத்துக்கும் வராவிட்டால் என்ன செய்வது, தம்பி?

அண்ணன்: சாதாரண முறையில் அழைப்பாணையைச் சார்பு செய்ய, அதாவது அவரிடம் சேர்ப்பிக்க முடியவில்லை என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால், அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் கண்ணில் படும் இடத்திலும் நீதிமன்றத்திலும் அதை ஒட்டவோ, அந்தப் பகுதியில் வெளியாகும் நாளிதழில் விளம்பரம் செய்யவோ உத்தரவிடுவார். அதன் பிறகும் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகலாம். அப்போதும் பணத்தோடு எப்போதும் தயாராக இருந்தீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், ஆகவே வங்கிக் கணக்கு விவரங்களைப் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பு குறிக்கும் காலத்துக்குள் மீதித் தொகையைச் செலுத்திவிட்டு, தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவோடு கிரயப் பத்திரத்தின் வரைவைக் கொடுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 34-இன்படி நீதிபதியோ அவர் நியமிக்கும் அலுவலரோ விற்பவருக்குப் பதிலாகக் கையெழுத்திடுவார். அந்தப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். பட்டா மாற்றத்துக்கும் அதுவே ஆதாரம்.

பெரியப்பா: எல்லாம் முடிந்தபின் அவர் திரும்பி வந்தால்?

அண்ணன்: வர வாய்ப்பு உண்டு. நாளிதழ் விளம்பரம் நேரில் சார்பு செய்ததற்குச் சமமாகாது என்பதால், தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கோரலாம். அதனால்தான் அவரைத் தேடிய ஒவ்வொரு முயற்சிக்கும் இப்போதே எழுத்தில் சான்று வேண்டும் என்கிறேன். மனையின் சுவாதீனத்தையும், அதாவது அதை உங்கள் கைவசம் ஒப்படைப்பதையும் இதே வழக்கில் கேட்டுவிடுங்கள், அத்தை. வேறு யாருக்கும் அவர் கிரயம் செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். செய்திருந்தால் வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சின்ன அத்தை: வில்லங்கச் சான்றுக்கு இன்றே விண்ணப்பிக்கிறேன். விற்பவரின் தம்பியை நாளைக் காலையிலேயே நேரில் பார்த்துவிடுங்கள், அண்ணா.