வில்லியம் பிரவுன்: ஓராள் நாடகத்தில் மாறுவேடத்தை எப்படிக் காட்டுவது?

கேள்வி (கேட்பவர்: அலைமேடை)

பிரிட்டன் கடற்படையின் குயின் சார்லட் கப்பலில் ‘வில்லியம் பிரவுன்’ என்ற ஆண் பெயரில் பணிபுரிந்த கறுப்பினப் பெண்ணைப் பற்றி ஓராள் நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் மாலுமியாக இருந்தவர், பாய்மரத்தின் உச்சியில் வேலை செய்வோருக்குத் தலைமை தாங்கியவர் என்று 1815ஆம் ஆண்டின் அச்சுச் செய்திகள் வியந்தன. கப்பலின் பதிவேடோ, கிரெனடாவில் பிறந்த 21 வயதுக்காரர் அவ்வாண்டு மே 23 அன்று சேர்ந்து, பெண் என்பதால் ஜூன் 19 அன்று விலக்கப்பட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. எதை நம்பி எழுதுவது? உடை மாற்றாமல் ஒரே நடிகை மாறுவேடத்தை உணர்த்த இயலுமா?

கயிற்றேணி

பதிவேடு அவரைக் கடல் அனுபவமற்ற புதியவர் என்றே குறிக்கிறது. அத்தகையவர் பாய்மர உச்சிக்குத் தலைவராக இருந்திருக்க முடியாது. எனவே வரலாறாகப் பதிவேட்டையே நம்புவேன். ஆனால், நான்கு வாரம் எப்படிப் பதினோரு ஆண்டாக ஊதியது என்பதுதான் உங்கள் நாடகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நடிகை கயிற்றில் ஏறத் தொடங்கும்போதெல்லாம் எழுத்தரின் குரல் குறுக்கிட்டு அவரைக் கீழே இறக்கட்டும்.

ஒற்றைவிளக்கு

மாறுவேடத்துக்கு எல்லென் கிராஃப்டைப் பாருங்கள். அடிமையாக இருந்த அவர், 1848 டிசம்பரில் ஜார்ஜியாவின் மேக்கன் நகரிலிருந்து, நோயுற்ற வெள்ளை இனக் கனவானைப் போல வேடமிட்டு, கணவர் வில்லியமைத் தம் அடிமையாகக் காட்டி, ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் பயணம் செய்து, கிறிஸ்துமஸ் நாளில் பிலடெல்ஃபியாவை அடைந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. விடுதியில் கையொப்பம் கேட்பார்கள் என்பதால் வலது கையை, காயம்பட்டதுபோல, கழுத்திலிருந்து தொங்கும் துணியில் கட்டிக்கொண்டார். காற்சட்டையையும் தொப்பியையும்விட அந்தக் கட்டுதான் மேடைக்கு உரியது. உங்கள் பாத்திரம் எதை மறைக்க அஞ்சுகிறது என்று கண்டுபிடித்தால், ஒரு பொருளே போதும். (கடலோசைப் பதிவு மட்டும் வேண்டாம், நடிகையின் கால்கள் தள்ளாடினாலே கப்பல் தெரியும்.)

சொல்லடுக்கு

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘ஏறினேன்’, ‘இறங்கினேன்’ என்னும் தன்மை வினைகள் பாலைக் காட்டுவதில்லை. ஆகவே அவர் தம் வாயால் பேசும்வரை வேடம் தானாகவே நிற்கும். மற்ற மாலுமிகள் ‘வாடா’ என்பார்கள். கடைசியில் எழுத்தர் மட்டும் ‘விலக்கப்பட்டாள்’ என்று வாசிக்கட்டும்.

அலைமேடை

நன்றி. அவர் தலைமுடியை வெட்டிக்கொள்ளும் முதற்காட்சியை நீக்கிவிட்டேன். நாடகம் இனிப் பதிவேட்டிலிருந்து தொடங்கும்.