"ரிப்போர்ட் நார்மல்" என்கிறார் டாக்டர், எனக்கோ எழுந்து நடக்கவே முடியவில்லை

தூக்கக்கலக்கம்:
நாலு வருடமாக ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு ஹார்மோன் போதவில்லை, தினமும் 75 மைக்ரோகிராம் ஹார்மோன் மாத்திரை. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் என்ற எண் 1.6 இருந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். இந்த மூன்று மாதமாக மத்தியானம் ஆனால் கண் சொருகுகிறது, தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி, எல்லோரும் ஃபேன் போடச் சொன்னால் நான் போர்வை தேடுகிறேன். டெஸ்ட் எடுத்ததில் 4.1. லேப் தாளில் 0.4 முதல் 4.5 வரை என்று அச்சடித்திருக்கிறது, அதனால் டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "நார்மல், அதே மாத்திரையைப் போடுங்க, எடையைக் குறைங்க" என்றார். போன வருடம் 1.6 தானே டாக்டர் என்று ஆரம்பித்தேன். "கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை.

நோயாளி நாலு விஷயம் படித்துத் தெரிந்துகொண்டு கேட்டால் அது குற்றமா? எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? நானே டோஸை 100 ஆக்கிப் பார்த்தால் என்ன என்றுகூடத் தோன்றுகிறது.

பழைய ஃபைல்:
குற்றமே இல்லை. எனக்குப் பதினொரு வருடம். அதில் முதல் ஆறு வருடம் "தைராய்டு" என்பதுதான் நோயின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆன்டி டிபிஓ என்று, தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டும் ஒரு வரி ரிப்போர்ட்டில் இருந்ததைத் தேடிப் படித்த பிறகுதான், எனக்கு இருப்பது ஹாஷிமோட்டோ என்று தெரிந்தது, அதாவது நம் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவது. 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற மருத்துவர் விவரித்து எழுதிய நோய், என்னிடம் சொல்ல மட்டும் யாருக்கும் நேரமில்லை.

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டு சுரப்பது இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி போடும் சத்தம். ரத்தத்தில் ஹார்மோன் குறையக் குறைய அது கத்தும், எண் ஏறும். அந்த 0.4, 4.5 எல்லாம் பல பேரை வைத்துப் போட்ட எல்லை, ஒரே ஆளுக்கு வழக்கமாக இருக்கும் அளவு அதைவிடக் குறுகலான ஓர் இடத்துக்குள்தான் ஏறி இறங்கும். அதனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பழைய ரிப்போர்ட்டை எல்லாம் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதுங்கள், டோஸ், டிஎஸ்ஹெச், அப்போது உடம்பு எப்படி இருந்தது என்று. வாயால் சொன்னால் புலம்பலாகக் கேட்கும். தாளைக் கொடுத்தால் படிப்பார்கள்.

சுட்டதால் சொல்கிறேன்:
100 ஆக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். நான் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு 100-லிருந்து 150-க்குப் போனவன். முதல் இரண்டு வாரம் பறக்கிற மாதிரி இருந்தது, நான்தான் டாக்டர் என்று நினைப்பு வேறு. அப்புறம் ஒரு ராத்திரி படுத்திருக்கும்போதே நாடி 118, தலையணை வழியாகக் காதில் கேட்கிறது. டிஎஸ்ஹெச் 0.05. அப்படியே விட்டிருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும் என்று பிறகுதான் சொன்னார்கள். அயோடின் சொட்டு மருந்தும் அந்த வீடியோவில் சொன்னதுதான், ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அது அதிகமானால் நிலைமை இன்னும் மோசமாகலாம். படிப்பது வேறு, நாமே மருந்து எழுதிக்கொள்வது வேறு.

இன்னொன்று, எல்லாச் சோர்வும் தைராய்டு இல்லை. ரத்தச்சோகை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை எல்லாமே இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

சோதனைக்குழாய்:
லேபில் வேலை பார்க்கிறேன். முடி கொட்டுவதற்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா, தூக்கக்கலக்கம்? அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா?

தூக்கக்கலக்கம்:
இரண்டு மாதமாகப் போடுகிறேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பயோட்டின் 10 மில்லிகிராம். ஏன்?

சோதனைக்குழாய்:
நினைத்தேன். பல லேப் மெஷின்களில் தைராய்டு டெஸ்ட்டே பயோட்டினை வைத்துத்தான் ஓடுகிறது. உங்கள் ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் மெஷின் ஏமாறும், டிஎஸ்ஹெச் குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் காட்டும். அப்படியென்றால் உங்களுடைய உண்மையான எண் 4.1-ஐவிட மேலே இருக்கவும் வாய்ப்பு உண்டு. டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள். காலையிலேயே, அன்றைய தைராய்டு மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில், ஏனென்றால் டிஎஸ்ஹெச் மத்தியானம் இறங்கும். அப்புறம், கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ உண்டா? அவை தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், நடுவில் 4 மணி நேரம் வேண்டும்.

தூக்கக்கலக்கம்:
பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். பயோட்டினை நிறுத்தி நாலாம் நாள் காலையில் கொடுத்த ரத்தத்தில் 6.8! தாளில் எழுதிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். பயோட்டின் என்ற வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். நீங்கள் கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். காலை காபியோடு கால்சியமும் போடுவதைச் சொன்னேன். டோஸைக் கூட்டவில்லை, முதலில் கால்சியத்தை ராத்திரிக்குத் தள்ளுங்கள், 6 வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார், உடம்பில் இரும்புச்சத்து இருப்பைப் பார்க்கும் ஃபெரிட்டின் டெஸ்டும் எழுதினார். 6 வாரமா என்று எரிச்சல்தான், ஆனால் மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம், எண் நிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும் என்று அவரே விளக்கினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இப்போது ஒரே பிரச்சினை, மாத்திரைக்குப் பின் காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார். எப்படி முடிகிறது உங்களுக்கெல்லாம்?

பழைய ஃபைல்:
எனக்கு முடியவில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு ராத்திரி படுக்கும் முன் போட ஆரம்பித்துவிட்டேன், சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கால்சியத்தை ராத்திரிக்குத் தள்ளியிருக்கிறீர்கள், இரண்டும் மறுபடி மோதிக்கொள்ளப் போகிறது, பார்த்து.

தூக்கக்கலக்கம்:
ஐயோ, ஆமாம். காபியே காத்திருக்கட்டும்.