திவோலி: முதலைச் சிலை நகலா, அசலா?

வெட்டிப்பயணி:
ரோமிலிருந்து பக்கத்து மலையூரான திவோலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நேரே ஊருக்குள் போய் வில்லா தெஸ்தே மாளிகைத் தோட்டத்தின் நீரூற்றுகளைப் பாருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், திரும்பிவிடுங்கள். மலையடிவாரத்தில் இருக்கும் வில்லா அட்ரியானாவில், அதாவது ரோமப் பேரரசன் ஹேட்ரியனின் பழைய மாளிகையில், வெயிலும் செங்கலும்தான் மிச்சம். எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்தக் கனோபஸ் குளக்கரைச் சிலைகள் எல்லாம் வார்ப்பு நகல்கள். அங்கே கிடக்கும் கல் முதலைகூட நகல்தான். நகலைப் பார்க்க எதற்கு டிக்கெட்?

செங்கல்நேசன்:
இருபது ஆண்டுகள் ஒரு பேரரசன் பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஒரே வரியில் கழித்துக் கட்டிவிட்டீர்கள். கி.பி. 118 வாக்கில் தொடங்கி, 138இல் சாகும்வரை ஹேட்ரியன் அங்கே ஏதாவது கட்டிக்கொண்டேதான் இருந்தான். சுமார் 120 ஹெக்டேர் பரப்பு. நடுவில் வட்டக் கால்வாய் சூழ ஒரு தீவு. பேரரசன் தனியாக இருக்க நினைத்தால் பாலத்தை விலக்கிவிட்டால் போதும். அடியில் வண்டிகள் ஓடிய சுரங்கப் பாதைகள். வேலை செய்த அடிமைகள் விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. இதெல்லாம் உங்களுக்குச் செங்கல். குளத்தின் அசல் சிலைகள் வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போகாமல் இருக்க உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பாதுகாப்பதும் குற்றமா?

வெட்டிப்பயணி:
ஆக, முதலை நகல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

செங்கல்நேசன்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. குளக்கரையில் வரிசையாக நிற்கும் பெண் உருவத் தூண்கள் இருக்கின்றனவே, அவற்றின் அசலே ஏதென்ஸ் எரெக்தியோன் கோயில் தூண்களைப் பார்த்து ஹேட்ரியன் செய்வித்தவை. அவனுக்கே நகல்மீதுதான் ஆசை. எகிப்தின் கனோபஸ் நகரம், ஏதென்ஸின் வண்ண மண்டபம், கல்விக்கழகம், பாதாள உலகம்கூட. பிடித்த இடங்களின் பெயர்களை எல்லாம் தன் தோட்டத்துக்கு வைத்தவன் அவன். அசல் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஏதென்ஸுக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

ஓரமாய் ஒருவன்:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். ரோமிலிருந்து பஸ் நல்லதா, ரயில் நல்லதா?

மிலான்வாசி:
ரயில்தான். ரோமின் திபுர்தினா நிலையத்தில் ஏறினால் மலையேறி ஊருக்கே போகும். பஸ்ஸில் போனால் வழியில் கந்தக ஊற்றின் அழுகிய முட்டை நாற்றம். அது இருக்கட்டும், ஆண்கள் இருவரும் முதலையைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, ஊரில் மூன்றாவதாக ஒரு தோட்டம் இருப்பது யாருக்கும் நினைவில்லையா? வில்லா கிரெகோரியானா. 1826இல் அனியேனே ஆறு பெருகி வீடுகளை அடித்துப்போனது. பிறகு போப் பதினாறாம் கிரெகோரி காலத்தில் கத்தில்லோ மலையைக் குடைந்து இரட்டைச் சுரங்கம் வெட்டி, 1835இல் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். நூறு மீட்டருக்கும் மேல் அருவி கொட்டுகிறது. மேலே பாறை விளிம்பில் வட்டக் கோயில். பதினெட்டுத் தூண்களில் பத்து இன்னும் நிற்கின்றன. அசல் தூண்கள்.

செங்கல்நேசன்:
பஸ் நாற்றம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் அம்மணி. அந்தச் சாலையில்தான் திராவர்த்தீன் கல் குவாரிகள் இருக்கின்றன. கொலோசியத்துக்கும், புனித பீட்டர் சதுக்கத் தூண்களுக்கும் போன கல். ஜன்னலில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்? வில்லா அட்ரியானாவுக்குப் பஸ்தான் அருகில் இறக்கிவிடும். ரயிலில் போனால் மேலே ஊருக்குப் போய் மறுபடி கீழே இறங்க வேண்டும்.

மிலான்வாசி:
பத்தாண்டுகளாக இத்தாலியில் இருப்பவளுக்குப் பஸ் பாடம். நடத்துங்கள்.

வெட்டிப்பயணி:
முதலை?

செங்கல்நேசன்:
முதலை, முதலை, முதலை! வேறு பேச்சே கிடையாதா உங்களுக்கு? சரி, கேளுங்கள். உங்கள் அருமை வில்லா தெஸ்தே யார் கட்டியது? கார்டினல் இப்போலித்தோ. போப் ஆறாம் அலெக்சாண்டரின் மகள் லுக்ரேசியா போர்ஜியா பெற்ற பிள்ளை. போப் பதவிக்கு மறுபடி மறுபடி முயன்று கிடைக்காமல், 1550இல் திவோலிக்கு ஆளுநராக வந்தவர். அவருடைய கட்டடக் கலைஞன் பிர்ரோ லிகோரியோ எங்கே தோண்டினான்? வில்லா அட்ரியானாவில். பளிங்கையும் சிலைகளையும் மேலே ஏற்றிக் கொண்டுபோய்க் கார்டினலுக்குத் தோட்டம் போட்டுவிட்டு, கீழே செங்கலை மட்டும் விட்டுவைத்தான். வீட்டைக் கொள்ளையடித்தவன் விருந்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரன் சுவர் மொட்டையாக இருக்கிறது என்று சிரிக்கிறீர்கள்.

வெட்டிப்பயணி:
லிகோரியோ ஒருவனே எல்லாவற்றையும் எடுத்துப்போனதுபோல எழுதுகிறீர்கள். அவனுக்கு முன்பும் எடுத்தார்கள், பின்பும் எடுத்தார்கள். கிண்ண விளிம்பில் புறாக்கள் உட்கார்ந்திருக்கும் மொசைக் 1737இல் கிடைத்தது. இப்போது ரோமில் கபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல சரக்கு முழுவதும் வெளியே. அசலை ரோமில் நிழலில் நின்று பார்த்துக்கொள்கிறேன். வில்லா தெஸ்தேயில் தண்ணீராவது அசல். ஆற்று நீரை ஊருக்கடியில் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து, மலைச் சரிவை மட்டும் நம்பி, பம்பு எதுவும் இல்லாமல் அத்தனை ஊற்றுகளையும் பீறிட வைத்தார்கள். நீரின் விசையில் இசைக்கும் ஆர்கன்கூட உண்டு. உங்கள் குளத்தில் பாசி.

செங்கல்நேசன்:
தண்ணீர் அசலாம்! நீங்கள் முகப்புப் படமாக வைத்திருக்கிறீர்களே, அந்த நெப்டியூன் ஊற்று, அது 1927இல் இன்றைய வடிவம் பெற்றது. இருபதாம் நூற்றாண்டு! தோட்டத்தில் பல மார்புகளுடன் நிற்கும் எபேசு நகர்த் தெய்வம் ஆர்ட்டெமிஸ் சிலை, இப்போது நேப்பிள்ஸில் இருக்கும் பழஞ்சிலையைப் பார்த்துச் செய்தது. கார்டினல் சேர்த்த பழஞ்சிலைகளில் பெரும்பகுதியைப் பிறகு வந்தவர்கள் விற்றுத் தின்றுவிட்டார்கள். நகலைப் பார்க்க டிக்கெட் எதற்கு என்று அங்கேயும் வாசலில் நின்று கேட்டீர்களா?

வெட்டிப்பயணி:
நெப்டியூன் ஊற்றை யாரும் ஹேட்ரியன் கட்டியதாகச் சொல்லி விற்கவில்லை. கேட்டது முதலையைப் பற்றி.

செங்கல்நேசன்:
முதலையையும் யாரும் அப்படி விற்கவில்லை! இன்னொன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். முன்பு இங்கே நடந்த பொம்பெய் விவாதத்தில், அந்த ஊரின் ‘ஃபான் வீடு’ என்ற பழைய மாளிகைத் தரையில் அலெக்சாண்டர் மொசைக் முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டு, ‘வரலாற்றின் காலடியில்’ என்று கண்ணீர் மல்க எழுதியவர் யார்? அந்த மொசைக்கின் அசல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரையில் கிடப்பது நகல். அன்றைக்குச் சுட்டிக்காட்டினேன், என்னைப் ‘புத்தகப்புழு’ என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

வெட்டிப்பயணி:
புத்தகப்புழு என்று எழுதியது நான் அல்ல. அந்தப் படத்தில் இருந்ததும் என் மைத்துனர்.

மிலான்வாசி:
மைத்துனர் வந்துவிட்டார். இனி விடிந்துவிடும்.

ஓரமாய் ஒருவன்:
எனக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. அம்மா கூட வருகிறார், முழங்கால் வலி. எதற்கு முதலில் போகலாம்?

செங்கல்நேசன்:
வில்லா அட்ரியானா, சந்தேகமே வேண்டாம். வாயிலருகே முழு வளாகத்தின் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தால் ஒவ்வொரு சுவரும் பேசும்.

மிலான்வாசி:
முழங்கால் வலி என்கிறார்! 120 ஹெக்டேரில் அம்மாவை நடக்கவிடச் சொல்கிறீர்களே, மனம் வருமா?

செங்கல்நேசன்:
வில்லா தெஸ்தேயில் மட்டும் என்ன, தோட்டம் முழுக்கப் படி. இறங்கியது அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். நீங்கள் சொன்ன கிரெகோரியானாவோ பள்ளத்தாக்கின் அடிவரை போகிறது. அங்கே அம்மாவைக் கூட்டிப்போனால் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

வெட்டிப்பயணி:
அம்மாவுக்கு வில்லா தெஸ்தேயின் நூறு ஊற்று நடைபாதை போதும் தம்பி. மேலிருந்து வரும்போது பாதியிலேயே வந்துவிடும், நிழலும் உண்டு. பெரியவர் பேச்சைக் கேட்டு வெயிலில் நிற்க வைக்காதீர்கள்.

செங்கல்நேசன்:
யார் பெரியவர்? உங்களைவிட மூன்று வயது இளையவன் நான். கனோபஸ் 1950களில் எப்படித் தோண்டி எடுக்கப்பட்டது, அதற்கும் 130இல் நைல் நதியில் மூழ்கிய, ஹேட்ரியனின் காதலன் ஆன்டினூஸுக்கும் என்ன தொடர்பு என்று நாளை ஐந்து பகுதிகளாக எழுதப்போகிறேன். முழுவதையும் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

வெட்டிப்பயணி:
ஐந்து பகுதியா? முதல் பகுதியில் முதலை வருமா?

செங்கல்நேசன்:
நிர்வாகி கவனிக்க: இவரை இந்த விவாதத்திலிருந்து நீக்கும்படி இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.