எஃப்சிஐ தாளில் டாய் பூடில், உயரம் 26.5 செ.மீ.: ஏகேசி ஷோவில் எந்த வகை?

நெளிமுடி (கேள்வி)

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூடில் நாய்கள். ஐரோப்பாவிலிருந்து எஃப்சிஐ (பன்னாட்டு நாய் அமைப்பு) பதிவுத் தாளோடு வந்தவை, இப்போது நியூ ஜெர்சியில். இரண்டின் தாளிலும் "டாய்" (மிகச் சிறிய வகை) என்றே இருக்கிறது. வயது 9 மாதம். தோள் உயரத்தைத் தையல் டேப்பால் அளந்ததில் ஆண் 26.5 செ.மீ., பெண் 25.2 செ.மீ. ஏகேசி-யில் (அமெரிக்கன் கெனல் கிளப்) டாய்க்கு 10 அங்குலம்தான் எல்லை என்கிறார்கள். தாளில் டாய் என்று இருப்பதால் ஆணை டாயாகவே காட்ட முடியுமா, இல்லை மினியேச்சரில்தான் போட வேண்டுமா? பெண் எல்லைக்குள் வருகிறது, ஆனால் மயிரிழையில். ஷோ வளையத்தில் எப்படி அளப்பார்கள், வீட்டில் எப்படி அளந்தால் அதே எண் வரும்?

கருப்புக்கம்பளி

தாளில் டாய் என்று இருப்பது ஏகேசி வளையத்தில் செல்லாது. அங்கே பதிவில் இனம் "பூடில்", அவ்வளவுதான். டாயா, மினியேச்சரா, ஸ்டாண்டர்டா என்பதை நுழைவுப் படிவத்தில் நீங்கள் எழுதுகிறீர்கள். எழுதியது சரியா என்பதை உயரம் அளக்கும் உலோகச் சட்டம் சொல்லும். அப்பா அம்மா இரண்டும் டாயாக இருந்தாலும் குட்டி 10 அங்குலத்தைத் தாண்டிவிட்டால் அது மினியேச்சர்தான்.

ஒரே பெயரை மூன்று அமைப்புகள் மூன்று உயரத்துக்கு வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஏகேசி: டாய் 10 அங்குலம் வரை. மினியேச்சர் 10-க்கு மேல், 15 வரை. ஸ்டாண்டர்ட் 15-க்கு மேல். உச்ச வரம்பு கிடையாது.

எஃப்சிஐ, இனத் தர (இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறை) எண் 172: டாய் 24 செ.மீ.க்கு மேல் 28 வரை, விரும்பப்படும் உயரம் 25, கீழே 1 செ.மீ. விட்டுக்கொடுப்பார்கள். மினியேச்சர் 28-க்கு மேல் 35 வரை. மீடியம் 35-க்கு மேல் 45 வரை. ஸ்டாண்டர்ட் 45-க்கு மேல் 60 வரை, மேலே 2 செ.மீ. விட்டுக்கொடுப்பு. 23-க்குக் கீழே போன டாயும் 62-ஐத் தாண்டிய ஸ்டாண்டர்டும் தகுதி நீக்கம்.

பிரிட்டன் கெனல் கிளப்: டாய் 28 செ.மீ.க்குக் கீழே (11 அங்குலம்). மினியேச்சர் 28-க்குக் குறையாமல், 38-க்குக் கீழே. ஸ்டாண்டர்ட் 38-க்கு மேல்.

எல்லைக்கோட்டிலேயே நிற்கிற நாயைக் கவனியுங்கள். சரியாக 10 அங்குலம் என்றால் ஏகேசி-யில் டாய். சரியாக 28 செ.மீ. என்றால் எஃப்சிஐ-யில் டாய், பிரிட்டனில் மினியேச்சர். சரியாக 38-ல் நிற்கும் நாய்க்கு பிரிட்டன் வாசகத்தில் இடமே இல்லை. ஒரு வரி "38-க்குக் கீழே" என்கிறது, அடுத்தது "38-க்கு மேலே" என்கிறது. நல்லவேளையாக எந்த நாயும் அவ்வளவு துல்லியமாக நிற்பதில்லை.

உங்கள் ஆண் 10.43 அங்குலம் வருகிறது. எஃப்சிஐ நாடுகளிலும் பிரிட்டனிலும் டாய், அமெரிக்காவில் மினியேச்சர். பெண் 9.92 அங்குலம். எல்லை 25.4 செ.மீ. என்பதால் கையில் இருப்பது 2 மில்லிமீட்டர். டேப் அளவை நம்பி அதில் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ரசமட்டம்

டேப்பை முதல்ல ஓரமா வைங்க. தோளிலிருந்து தரை வரைக்கும் டேப் நேரா இறங்காது. தோள் புடைப்பு மேல வளைஞ்சு, முடிக்கு மேல ஏறி இறங்கும். அதனால பெரும்பாலும் கூடுதலாத்தான் காட்டும். குனிஞ்சு பக்கவாட்டுல பார்த்துப் படிக்கிறப்போ கண் மட்டத்துல இன்னொரு தப்பு சேரும். 2 மில்லிமீட்டர் விஷயத்துக்கு டேப் உதவாது.

வளையத்துல இருக்கிறது விக்கெட். 'ப' எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு உலோகச் சட்டம். மேலே குறுக்குப் பட்டை, ரெண்டு பக்கமும் கால். காலை எல்லை உயரத்துக்குச் சரிபண்ணி, அதையும் அளவுகோலால சரிபார்த்துட்டுத்தான் நாய் மேல வைப்பாங்க. டாய், மினியேச்சருக்கு மேஜை, ஸ்டாண்டர்டுக்குத் தரை.

குறுக்குப் பட்டை உட்கார வேண்டிய இடம், ரெண்டு தோள்பட்டை எலும்போட நுனியும் மேலே கிட்டக் கிட்ட வர்ற உச்சி. கழுத்து இல்லை, முதுகும் இல்லை. விரலால முடியைப் பிரிச்சுத் தடவினா ரெண்டு சின்ன முனை தட்டுப்படும், அங்கதான்.

டாய்க்கு விக்கெட் 10 அங்குலத்துல இருக்கும். பட்டை எலும்புல உட்கார்ந்து ரெண்டு காலும் மேஜையைத் தொட்டா உள்ளே. ரெண்டும் அந்தரத்துல நின்னா வெளியே. ஒரு கால் தொட்டு ஒண்ணு தொடலைன்னா சட்டம் சாய்ஞ்சிருக்கு, திரும்ப வைக்கணும். மினியேச்சருக்கு ரெண்டு கேள்வி: 15-ல வைக்கிறப்போ கால் தொடணும், 10-ல வைக்கிறப்போ தொடக்கூடாது. இந்த ரெண்டாவதைப் பலர் மறந்துடுறாங்க.

வீட்டுல செய்ய: கனமான மேஜை, மேலே வழுக்காத மெல்லிய விரிப்பு. மெத்துனு அமுங்குற ரப்பர் பாய் வேண்டாம், பாதம் 3 மில்லிமீட்டர் அமுங்கும், விக்கெட் கால் அமுங்காது. மேஜையில ரசமட்டம் வச்சு ரெண்டு திசையிலும் பாருங்க. அலுமினியப் பட்டையில சட்டம் செஞ்சா, கால் நுனியிலிருந்து குறுக்குப் பட்டையோட அடிப்பக்கம் வரைக்கும்தான் 25.4, மேல்பக்கம் வரைக்கும் அளந்தா பட்டையோட கனம் உங்களை ஏமாத்தும். சட்டம் செய்ய வசதியில்லைன்னா நாயைச் சுவரை ஒட்டி நிறுத்தி, மூலைமட்டத்தோட ஒரு கையைச் சுவரோட சேர்த்து, இன்னொரு கையைத் தோள் உச்சியில இறக்கி, பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டை அளக்கலாம்.

நாய் நிக்கிற விதம்தான் எல்லாம். முன்னங்கால் முன்னாலயிருந்து பார்த்தாலும் பக்கத்திலயிருந்து பார்த்தாலும் செங்குத்தா, தோளுக்கு நேர் கீழே இருக்கணும். கால் அகலமாப் போனா உயரம் குறையும். நடுவர் அதைப் பார்த்துட்டு நேரா வைக்கச் சொல்லுவார். தலை இயல்பான உயரத்துல. தலையைத் தொங்கப்போட்டா தோள் எலும்பு மேலே துருத்தும், எண் ஏறும். பயந்த நாய் விறைச்சு விரல்நுனியில நிக்கும், அதுவும் ஏறும். உங்க பெண் நாய்க்கு உள்ள உண்மையான ஆபத்து இதுதான். வீட்டுல 25.2 நிக்கிற நாய், பழகாத உலோகம் முதுகுல பட்டதும் 25.6 நிக்கலாம்.

அதனால விக்கெட்டைப் பழக்குங்க. பின்பக்கத்திலயிருந்து முதுகுக்கு மேலாகக் கொண்டுவந்து தோள்ல தொட்டு எடுங்க, உடனே தீனி. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை போதும். வேற வேற ஆள் வைக்கட்டும். ஒரு வாரம் தினமும் மூணு தடவை அளந்து எழுதிவைங்க. அதுல வர்ற மிகப் பெரிய எண்ணைத்தான் உங்க நாயோட உயரமா எடுத்துக்கணும், சராசரியை இல்லை.

இன்னொண்ணு, தோள் மேல ஸ்ப்ரே. கழுத்து முடியைத் தூக்கி நிறுத்த அடிச்ச ஸ்ப்ரே தோள் வரைக்கும் இறங்கினா அங்க முடி அட்டை மாதிரி ஆயிடும், பட்டை எலும்பைத் தொடாது. எல்லையில இருக்கிற நாய்க்குத் தோள் உச்சியில ரெண்டு விரல் அகலத்தை ஸ்ப்ரே இல்லாம விடுங்க.

வால்குஞ்சம்

ஆணைத் தயங்காம மினியேச்சர்ல போடுங்க. ஏகேசி இனத் தரத்துலயே மத்த எல்லாம் சமமா இருந்தா சின்ன உருவத்துக்கே முதலிடம்னு எழுதியிருக்கு. 10.4 அங்குலம்னா அந்த வகையிலேயே சின்ன நாய் அதுவாத்தான் இருக்கும். லாபம்தானே?

கருப்புக்கம்பளி

அந்த வாக்கியத்தின் முன்பாதியை விட்டுவிட்டீர்கள். டாய் என்றால் திட்டவட்டமாக டாய், மினியேச்சர் என்றால் திட்டவட்டமாக மினியேச்சர், சமநிலையிலும் விகிதத்திலும் அப்படி இருக்கிற வரைக்கும்தான் சிறிய உருவம் தீர்மானிக்கும் என்கிறது தரம். அதுவும் மற்ற எல்லாம் சமமாக இருந்தால். வளையத்தில் மினியேச்சர்கள் பெரும்பாலும் 14 முதல் 15 அங்குலத்துக்குள் நிற்கும். அந்த வரிசையில் 10.4 அங்குல நாய் நின்றால் நடுவர் கண்ணுக்கு அது சின்ன மினியேச்சராகத் தெரியாது, எல்லை மீறிய டாயாகத் தெரியும். விதிப்படி உள்ளே, போட்டியில் வெளியே. எஃப்சிஐ ஷோக்களுக்குக் கொண்டுபோக வழியிருந்தால் அந்த ஆணுக்கு இடம் அங்கேதான்.

விகிதத்தையும் அளந்து பாருங்கள். மார்பெலும்பின் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை உள்ள நீளமும் தோள் உயரமும் ஏறக்குறைய சமம், அதாவது சதுரம், என்கிறது ஏகேசி. எஃப்சிஐ நீளத்தைச் சற்றுக் கூடுதலாகவே கேட்கிறது. முழங்கை உயரம் தோள் உயரத்தில் 9-ல் 5 பங்கு என்றும், மூக்குப்பகுதி மண்டையின் நீளத்தில் ஏறக்குறைய 10-ல் 9 பங்கு என்றும் கணக்கே கொடுக்கிறது. 25.2 செ.மீ. பெண்ணுக்கு முழங்கை தரையிலிருந்து 14 செ.மீ.யில் இருக்க வேண்டும். 12.5 வந்தால் அந்த நாய் விக்கெட்டுக்கு அடியில் நுழைவது சின்ன நாய் என்பதால் அல்ல, கால் குட்டை என்பதால்.

டாயிலும் மினியேச்சரிலும் இது சாதாரணமாக வருவது. காலைக் குட்டையாக்கும் எஃப்ஜிஎஃப்4 மரபணுப் பிரதி ஒன்று 12-ஆம் குரோமோசோமில் இருப்பதை 2017-இல் கண்டறிந்தார்கள். பூடிலின் சிறிய வகைகளில் அது பரவலாக இருக்கிறது. ஈற்றில் சில குட்டிகளுக்கு இரண்டு பிரதி, சிலவற்றுக்கு ஒன்று, சிலவற்றுக்கு எதுவுமில்லை என்று வந்தால் ஒரே அளவு உடம்புள்ள குட்டிகளுக்கு வெவ்வேறு கால் நீளம். அதே பிரதி முதுகெலும்பு வட்டுகளையும் சீக்கிரம் கெடுக்கிறது. ஆகவே உயரத்தைக் குறைக்கக் குட்டைக் காலைத் தேடி இனவிருத்தி செய்வது ஷோவுக்கும் நல்லதல்ல, நாய்க்கும் நல்லதல்ல. உருண்ட மண்டை, பிதுங்கிய கண், சூம்பிய குட்டை மூக்கு, மோவாய் இல்லாமை ஆகிய குள்ளத்தன்மை அடையாளங்களையும் எஃப்சிஐ தகுதி நீக்கத்தில் வைத்திருக்கிறது. மிகக் குட்டி நாய்களை "டீகப்" என்று விற்கிறார்களே, அப்படி ஒரு வகை இந்த மூன்று அமைப்பிலும் கிடையாது.

எதிர்த் திசையிலும் சிக்கல் உண்டு. ஏகேசி ஸ்டாண்டர்டுக்கு உச்ச வரம்பு இல்லாததால் 26 அங்குல ஆண் அங்கே சாதாரணம். அது 66 செ.மீ.; எஃப்சிஐ வளையத்தில் உடனே வெளியே.

நெளிமுடி

நன்றி. சட்டம் செய்து ஒரு வாரம் அளந்தேன். ஆண் அதிகபட்சம் 26.1, பெண் அதிகபட்சம் 25.1. பெண்ணுக்கு முழங்கை 13.8. இனி வளருமா? யாராவது ஆட்சேபித்தால் என்ன நடக்கும்?

ரசமட்டம்

13.8 நல்ல கால். டாய் உயரம் பெரும்பாலும் 7-8 மாசத்துலயே நின்னுடும். அதுக்கப்புறம் மார்பு இறங்கும், உடம்பு நிரம்பும். ஆனா 3 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிற நாய்க்கு "பெரும்பாலும்" போதாது. 12 மாசம் வரைக்கும் வாரம் ஒருதடவை அளங்க. நாலு வாரம் எண் நகரலைன்னா நிம்மதி.

அளவு கேட்கிற உரிமை நடுவருக்கும் உண்டு, அதே வளையத்துல போட்டியிடுறவங்களுக்கும் உண்டு. ஆனா நடுவர் எல்லா நாயையும் தொட்டுப் பார்த்து நடக்கவிட்டு முடிக்கிறதுக்குள்ள கேட்கணும். உங்க சொந்தச் சட்டத்தை நீட்ட முடியாது, ஷோவுல இருக்கிறதுதான். கேட்டா முகம் சுளிக்காதீங்க, நாய்க்கு அது தெரிஞ்சு விறைச்சுக்கும். வெளியேன்னு வந்தா அன்னைக்கு டாயில தகுதி நீக்கம்.

படிவத்துல ஒரு விஷயம். ஏகேசி-யில டாய் போறது டாய் குரூப்புக்கு. மினியேச்சரும் ஸ்டாண்டர்டும் நான்-ஸ்போர்ட்டிங் குரூப்புக்கு. 2024-ல வெஸ்ட்மின்ஸ்டர் நாய் ஷோவை ஜெயிச்ச சேஜ் மினியேச்சர், அந்த வழியா வந்ததுதான். எஃப்சிஐ-யில எல்லா அளவும் 9-ஆம் குரூப். அதனால ஐரோப்பிய ஷோ அட்டவணையைப் பார்த்து அமெரிக்கப் படிவத்தை நிரப்பாதீங்க. முடிவெட்டும் அப்படியே: 12 மாசம் முடியிற வரைக்கும் பப்பி வெட்டு செல்லும், முடிஞ்ச பிறகு வளர்ந்த நாய்க்கான வெட்டு, இங்லிஷ் சேடில் இல்லைன்னா கான்டினென்டல். 12 மாசத்தை ஒட்டி ஷோ வந்தா இப்பவே பின்பக்கம் எந்த வெட்டுன்னு முடிவு பண்ணி முடியை வளர்க்க ஆரம்பிங்க.