தண்ணி வந்த இரவு உங்கட ஒழுங்கையில் ஆர் ஆரைத் தூக்கினது?

முரசுமோட்டை அக்கா:

2018 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. அண்டிரவு அடிச்ச மழையில் கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிரம்பி, வான் கதவுகளைத் திறந்து, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை எல்லாம் தண்ணிக்குள் நிண்டது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது தண்ணியைப் பற்றி இல்லை, எங்கட ஒழுங்கையில் மூண்டாவது வீட்டு ஆச்சியைப் பற்றி.

ஆச்சி நாலு வருசமாப் படுக்கை. மகள் அண்டைக்குப் பேத்தியோட வவுனியா ஆஸ்பத்திரியில் நிண்டவ. விடியப்புறம் தண்ணி முழங்காலைத் தாண்ட, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினம். ஓடுறதுக்கு எங்களுக்கு ஆரும் பழக்கித்தர வேணுமே? வன்னியில் எந்த வீட்டுக்குள்ளையும் கதவுப்பக்கமா ஒரு பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணிப் பெர்மிற், பாங்க் புத்தகம், இல்லாமப் போன ஆக்களின்ர படம். 2009 சண்டையில் மாத்தளனில் இருந்து நெஞ்சோட கட்டிக்கொண்டு வந்த பையைத்தான் நானும் எடுத்தன். பிள்ளையள், பை, மெயின் சுவிட்ச், கதவு. அஞ்சு நிமிசம் பிடிக்கேல்லை.

பள்ளிக்கூட விறாந்தையில் சீலைத்தலைப்பைப் பிழிஞ்சுகொண்டு நிக்கேக்கைதான் ஆரோ கேட்டவை: "ஆச்சி எங்கை?"

முன்வீட்டுக்காரர் நாங்கள் கொண்டுவந்திருப்பம் எண்டு நினைச்சிருக்கினம். நாங்கள் பின்வீட்டுத் தம்பி லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏத்தியிருப்பான் எண்டு நினைச்சம். தம்பி, மகள் வந்திருப்பா எண்டு நினைச்சிட்டான். மூண்டு வீடும் ஆச்சிக்கு ஒவ்வொரு நாளும் சோறு குடுக்கிற வீடுகள்தான்.

ரெண்டு பெடியள் ட்ரக்டர் ரியூப்பைக் காத்தடிச்சுக்கொண்டு திரும்பிப் போனவங்கள். தண்ணி மெத்தையின்ர அடியைத் தொட்டுக்கொண்டு நிண்டதாம். ஆச்சி அழேல்லை, கத்தேல்லை. "வந்திட்டியளே?" எண்டு மட்டும் கேட்டவவாம். அந்தக் கேள்வி எனக்கு இண்டைக்கும் நித்திரையில் வரும்.

அடுத்த மாதமே ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்கினம். ஒழுங்கையில் 23 வீடு, வீட்டுக்கு ஒரு பக்கம். நடக்க ஏலாத ஆக்கள், பிள்ளைத்தாச்சி, இன்சுலின் போடுற ஆக்கள், கைக்குழந்தை. ஆரிட்டை உழவு மெசின் இருக்கு, தறப்பாள் இருக்கு, ரியூப் இருக்கு. ஏலாத ஒவ்வொருத்தருக்கும் நேரே ரெண்டு பேர் எழுதியிருக்கு. ஒராள் வெளியூர் போனால் மற்றாள் இருக்க வேணும், அதுக்குத்தான் ரெண்டு. "எல்லாரும் பாப்பம்" எண்டு எழுத நான் விடேல்லை. எல்லாரும் பாக்கப் போய்த்தானே ஆச்சி தனிய கிடந்தவ. ஒவ்வொரு ஐப்பசியும், மாரிக்கு முன்னம், கொப்பியைத் திருத்துறம்.

இந்த முறை திருத்த முன்னம் உங்களிட்டைக் கேக்கிறன். உங்கட பக்கம் நடந்ததை எழுதுங்கோ.

பன்னங்கண்டி கமக்காரன்:

அக்கா, எங்கட பக்கம் மழையைப் பாத்து வெள்ளத்தைச் சொல்ல ஏலாது. இஞ்சை வெயில் எறிக்கும். கனகராயன்குளம், மாங்குளப் பக்கம் கொட்டின மழை ஆத்தால இறங்கி இரணைமடுவுக்கு வந்து, குளம் வான் பாயேக்கைதான் எங்கட வயலுக்குத் தெரியும். அதால நான் மாங்குளத்தில் இருக்கிற மச்சானுக்கு மாரி முழுக்கப் பின்னேரத்தில் ஒரு கோல் எடுப்பன். "ஆறு என்ன நிறம்?" எண்டுதான் முதல் கேள்வி. செம்மண் நிறத்தில் குப்பையும் தடியும் இழுத்துக்கொண்டு வந்தால் நெல்லு மூட்டையைப் பரணில ஏத்திப்போடுவன். 117க்கு அடிச்சால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் நிலவரம் சொல்லுவினம், அதையும் கேக்கிறனான். மச்சானும் வேணும், 117உம் வேணும்.

மாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதுறேல்லை. 2018இல் கட்டையில கட்டின கயித்தோட என்ர ரெண்டு பசு போயிட்டுது. அவிட்டு விட்டிருந்தால் அதுகளாவே மேட்டுக்கு நீந்திப் போயிருக்கும். நான் அவிட்டு விடேல்லை. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோட குளிர்காத்து அடிச்சு வடக்கிலயும் கிழக்கிலயும் நூற்றுக்கணக்கில மாடுகள் செத்தது ஞாபகம் இருக்கோ? வெள்ளமே இல்லை, நனைஞ்ச உடம்பில குளிர்காத்து, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு காத்துப் பக்கமாத் தறப்பாள் கட்டி, கீழ வைக்கோல் போட்டு விடுறன். கொப்பியில மாட்டுக்கும் ஒரு வரி விடுங்கோ. மாடு போனால் அந்த வீடு எழும்ப எத்தினை வருசம் எண்டு எங்களுக்குத்தான் தெரியும்.

ஒட்டுசுட்டான் தாதி:

வெள்ளத்துக்குப் பிறகு வார்டுக்கு வருகிறவர்களைப் பார்த்து எழுதுகிறேன். வளை நிரம்பினால் பாம்பு உயரமான இடம் தேடும். நீங்கள் ஏறி நிற்கும் அதே மேட்டுக்கும், அதே பள்ளிக்கூடத்துக்கும் அதுவும் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிற இடத்தில் எட்டடி விரியன் கடித்தால் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிய வயிற்றுவலி, கண்மடல் தொங்குகிறது என்று கொண்டுவருவார்கள். முன்பு ஒரு சிறுவனை "நித்திரை வெறி" என்று நினைத்து வீட்டில் வைத்திருந்தார்கள். பிழைத்தான், ஆனால் எத்தனையோ நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தான். கடிபட்ட இடத்தை இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் தடி வைத்துச் சுற்றுங்கள், 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். வண்டி வர முடியாத வெள்ளமென்றால் உழவு இயந்திரத்தில் ஏற்றுங்கள். படுக்கக் கட்டில் இல்லாவிட்டாலும் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகி விடுங்கள், அது பாம்புக்கும் உதவும்.

இன்சுலின் போடுகிறவர்களின் குப்பி, ஊசி, கிளினிக் கொப்பி மூன்றும் அந்தப் பைக்குள் போக வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் குப்பியை ஈரச் சாக்குச் சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். வெள்ளம் மூடிய கிணற்றுத் தண்ணீரைப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குளோரின் போடும்வரை குடிக்க வேண்டாம். சேற்று வயலில் இறங்குகிறவர்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கேளுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவன்:

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. 2009. உங்கட கொப்பியில "ஏலாத ஆக்கள்" எண்ட பக்கத்தில என்னைப் போல ஆக்களும் வருவம், அதால எழுதுறன்.

டித்வா புயல் நேரம், 2025 நவம்பர் கடைசியில, நாலு பேர் வந்து என்னைக் கேக்காமல் தூக்கிக்கொண்டு போனவை. நல்ல மனசு. ஆனால் செயற்கைக் கால் சுவரோட சாத்தினபடி வீட்டிலயே நிண்டது. மூண்டு நாள் பொதுமண்டபத்தில கக்கூசுக்குப் போக ஒவ்வொரு முறையும் ஆரையாவது கூப்பிட வேண்டி இருந்தது. கேட்டிருந்தால் "முதல் காலை எடுங்கோ, பொலித்தீனால சுத்துங்கோ" எண்டு சொல்லியிருப்பன். சேத்துக்குள்ள ஊன்றுகோல் புதையும், தூக்கிறதெண்டால் கதிரையோட தூக்கிறது சுகம். அதையெல்லாம் மாரிக்கு முன்னமே கேட்டு எழுதுங்கோ.

என்னட்டையும் வேலை கேளுங்கோ. அந்த மூண்டு நாளும் வாசலில இருந்து வந்த ஆக்களை எண்ணினது நான்தான். ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு கிராம அலுவலருக்குப் பட்டியல் குடுத்ததும் நான். நடக்கிற ஆக்கள் நிலையா ஒரு இடத்தில நிக்க மாட்டினம்.

இன்னொண்டு. வெள்ளம் வடிஞ்ச பிறகு குப்பை கூட்டி எரிக்கேக்கை கவனம். மண்ணை அரிச்சுக்கொண்டு போற தண்ணி, கீழ கிடந்ததை மேல கொண்டுவரும். மிதிவெடி எடுத்துத் துப்பரவாக்கின காணி எண்டாலும், துருப்பிடிச்ச இரும்பு ஒண்டு புதுசா முளைச்சிருந்தால் தொட வேண்டாம், தடி நட்டு அடையாளம் வைச்சிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கோ. பிள்ளையளுக்கு ஒவ்வொரு வருசமும் சொல்ல வேணும். 2009க்குப் பிறகு பிறந்ததுகளுக்கு அது என்னெண்டே தெரியாது.

முள்ளியவளை, பெயர் வேண்டாம்:

கொப்பி எண்ட உடனேயே எனக்கு நெஞ்சு இடிச்சது. நானும் ரெண்டு பெம்பிளைப் பிள்ளையளும் மட்டும்தான் வீட்டில. "இந்த வீட்டில ஆம்பிளை இல்லை" எண்டு ஒரு தாளில எழுதியிருந்தால், அதை ஆரார் வாசிப்பினம்? போன வருசம் எங்கட பக்கம் உதவிக்கெண்டு எடுத்த பட்டியலை ஆரோ படம் எடுத்து வட்ஸப்பில போட்டிட்டினம். ஒரு கிழமை இரவிரவா நித்திரை இல்லை, கதவைத் தட்டினவை. நான் உதவி வேண்டாம் எண்டு சொல்லேல்லை. தண்ணி வந்தால் எங்களையும் கூப்பிடத்தான் வேணும்.

முரசுமோட்டை அக்கா:

பிள்ளை, நான் முதலே யோசிச்சிருக்க வேணும். எங்கட கொப்பி இவ்வளவு நாளும் சனசமூக நிலைய மேசையில கிடந்தது. நேற்றே எடுத்துவிட்டன். இனி மாதர் சங்கத்தில ரெண்டு பேரின்ர வீட்டில மட்டும் இருக்கும். போனில படம் எடுக்கிறேல்லை எண்டு எல்லாரிட்டையும் கேட்டு வாங்கியிருக்கிறன். "ஆம்பிளை இல்லை" எண்ட சொல் ஒரு பக்கத்திலும் இராது. "முதலில் கூப்பிட வேண்டிய வீடு" எண்டு மட்டும், அதுவும் ஆச்சியின்ர வீட்டுக்கும் அதேதான். உங்களைக் கூப்பிட வாற ரெண்டு பேரும் ஆரெண்டு நீங்கள் சொல்லுறது, நாங்கள் இல்லை.

புதுக்குடியிருப்புத் தம்பி, "ஏலாத ஆக்கள்" எண்ட தலைப்பை வெட்டிப்போட்டன். உங்கட ஊரிலயும் ஒரு கொப்பி தொடங்குங்கோ, நீங்களே வைச்சிருங்கோ.

முள்ளியவளை, பெயர் வேண்டாம்:

சரி அக்கா. எங்கட ஒழுங்கையில ரெண்டு அக்காமாரோட கதைச்சிட்டன், ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில கூடுறம். என்ர பக்கத்தை நானே எழுதுறன். எங்களிட்டை மூடியுள்ள தண்ணிப் பரல் ரெண்டும், நல்ல ரோச் ஒண்டும் இருக்கு. அதையும் எழுதுவன்.