இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது: முதல் ராஃப்டிங்குக்கு எந்த ஆறு?

கரையோரம் எழுதியது:

ஆறு பேர் சேர்ந்து முதல்முறையாக ராஃப்டிங் (காற்றடைத்த படகில் ஆற்றோட்டத்தில் போவது) போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் இரண்டு பேருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. அந்த இரண்டில் நான் ஒருத்தி. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலே கை தானாகக் கரையைத் தேடும்.

குழுவில் இப்போது இரண்டு கட்சி. கங்கையில் கௌடியாலாவில் இறங்கி, 'வால்' (Wall, சுவர்) என்ற ரேபிட்டையும், அதாவது நுரைத்துச் சீறிப் பாயும் இடத்தையும் தாண்டி, ரிஷிகேஷ் வரை ஒரே நாளில் போய்விட வேண்டும் என்பது ஒரு கட்சி. ரேபிட்டின் கடுமையைச் சொல்லும் எண்ணான கிரேடு 3-ஐத் தாண்டவே கூடாது, ஆழமில்லாத சின்ன ஆறாகப் பார்க்கலாம் என்பது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். ஆனாலும் கிரேடை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியா என்று ஒரு சந்தேகம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த ஆறு எது, ஏன் பிடித்தது என்றும் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும்.

சும்மாஒருவன் எழுதியது:

தாராளமாகப் போங்க. எனக்கும் நீச்சல் வராது, மூன்று முறை போய்விட்டேன். லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கட்சி சொல்வதுதான் சரி, ஆழம் குறைந்த ஆறாகப் பாருங்க. விழுந்தாலும் எழுந்து நின்றுவிடலாம் இல்லையா? பிடித்த ஆறு என்றால் எனக்கு எல்லாமே ஒன்றுதான், நனைந்தால் போதும்.

பழையதுடுப்பு எழுதியது:

சும்மாஒருவன் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாதம் இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், முதுகில் மோதும் தண்ணீர் ஆளை முன்னால் சாய்த்துவிடும். அப்புறம் நிமிர முடியாது. தொடையளவுத் தண்ணீரே முகத்தை மூழ்கடிக்கப் போதும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் பயனில்லை. விழுந்தால் மல்லாந்து படுங்கள், கால் இரண்டும் நீர் போகும் பக்கம், பாத விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் செருப்புப் பாதத்தால் உதைத்து விலகிக்கொள்ளலாம். கரையை ஒட்டி ஓட்டம் நின்ற இடத்துக்கு வந்த பிறகுதான் காலை ஊன்ற வேண்டும்.

அதனால்தான் 'ஆழமில்லாத ஆறு பத்திரம்' என்ற கணக்கு எனக்கு ஒத்துவருவதில்லை. பதினைந்து வருடமாகத் துடுப்பும் கையுமாக அலைகிறேன். கைடு அல்ல, காசு கொடுத்து நனைகிற ஆள்தான். இரண்டு முறை நன்றாக விழுந்திருக்கிறேன், இரண்டையும் சொல்கிறேன்.

முதலாவது கங்கையில், சிவ்புரிக்குக் கீழே 'ரோலர் கோஸ்டர்' ரேபிட்டில். பேருக்கு ஏற்றபடி பெரிய அலைகள் வரிசையாக வரும். மூன்றாவது அலையில் துடுப்பு காற்றைத்தான் வாரியது, தண்ணீரைத் தொடவே இல்லை. அடுத்த நொடி உள்ளே இருந்தேன். மேலே வந்தபோது தலைக்கு மேல் வானத்தைக் காணோம், ராஃப்டின் அடிப்பாகம்தான் இருந்தது. பயந்துதான் போனேன். ஆனால் புறப்படும் முன் கைடு சொன்னது ஞாபகம் வந்தது: 'கூரையில் பல்லி நடப்பதுபோலக் கையால் நட, ஒரே திசையில்.' ஆறேழு கை வைத்ததும் வெளிச்சம். அதற்குள் அலைகளும் முடிந்து ஆறு அகன்று அடங்கிவிட்டது. பாதுகாப்புக்குக் கயாக்கில் (ஒற்றையாள் படகு) வந்தவர் தன் படகின் மூக்கை என் பக்கம் திருப்பிப் பிடித்தார், அதன் வளையத்தைப் பற்றிக்கொண்டு ராஃப்ட்டுக்கு வந்து சேர்ந்தேன். குடித்த தண்ணீரைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டாவது இமாச்சலில், குலு பக்கம் பியாஸ் ஆற்றில். கிரேடு கங்கையை விடக் குறைவு, தண்ணீரும் குறைவு. ஆனால் படுகை முழுக்கக் கல், ஒரு ரேபிட் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். விழுந்த இடத்திலிருந்து நானூறு மீட்டராவது இழுத்துக்கொண்டு போயிருக்கும், நடுவில் மூச்சு வாங்க ஓர் இடம் கிடையாது. இரண்டு முழங்காலும் இடுப்பும் கல்லில் அடி. ஒரு கட்டத்தில் என்னையும் அறியாமல் காலை ஊன்றிவிட்டேன். ஷூ ஒரு இடுக்கில் சிக்கி, அரை நொடி உடம்பு முன்னால் மடிந்து, பிறகு விட்டது. அந்த அரை நொடி இன்றைக்கும் கனவில் வருகிறது. அன்றைக்கு எங்களை அழைத்துப்போனவர்கள் பாதுகாப்புக் கயாக்கே அனுப்பவில்லை. கேட்டதற்கு, 'சின்ன ஆறுதானே' என்றார்கள்.

கிரேடு 1 முதல் 6 வரை இருப்பது உண்மை. விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அதில் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் ராஃப்டைக் கொண்டுபோகும் சிரமத்தையும் விழுந்தவனின் கதியையும் ஒரே எண்ணுக்குள் அடைத்தால் ஏதாவது ஒன்று நசுங்கத்தான் செய்யும். போதாததற்கு, தண்ணீர் ஏறி இறங்கினால் அதே ரேபிட்டின் கிரேடும் மாறும். அதனால் எந்த ஆற்றுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ரேபிட்டுக்குக் கீழே மடு இருக்கிறதா?

ஆழமாக, அகலமாக, ஓட்டம் தணிந்து கிடக்கும் மடு. விழுந்தவர் அங்கே போய் மிதப்பார், பொறுக்கி எடுக்க நேரம் இருக்கும். ஆப்பிரிக்காவில் விக்டோரியா அருவிக்குக் கீழே ஜாம்பேசி ஆற்றைப் பாருங்கள். ஒவ்வொரு ரேபிட்டுக்கும் ஒரு எண். 9-ஆம் எண்ணுக்கு 'கமர்ஷியல் சூசைடு' என்று பெயர், அங்கே பயணிகளை இறக்கிக் கரையோரமாக நடக்கவிட்டுத்தான் கூட்டிப்போவார்கள். மற்றவற்றில் ராஃப்ட் கவிழ்வது அங்கே தினசரிச் செய்தி. இருந்தும் அத்தனை சாதாரண ஜனங்களும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்றால், பெரும்பாலான ரேபிட்டுகளுக்குக் கீழே மடு இருப்பதுதான் முக்கியக் காரணம். முதல் பயணத்துக்கு அங்கே போகச் சொல்லவில்லை, மடுவின் அருமைக்காகச் சொல்கிறேன்.

பிடித்த ஆறு கேட்டீர்கள். எனக்கு நேபாளத்தின் சுன் கோசி. டோலால்காட்டில் இறங்கி சத்ரா வரை சுமார் 270 கிலோமீட்டர், எட்டு ஒன்பது நாள். முதல் நாள் சின்ன அலைகள். பிறகு கிளையாறுகள் சேரச்சேரத் தண்ணீரும் பெருகும், ரேபிட்டும் பெருகும். உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கூட்டிப்போகிற ஆறு அது. ராத்திரி வெள்ளை மணல் திட்டில் படுக்கை. ஐந்தாம் நாள் துடுப்பு பிடித்த கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்திருக்கும், ஆனால் முதல் நாள் அலறிய அலையைப் பார்த்து இப்போது சிரிப்பீர்கள்.

மூன்றாம்வரிசை எழுதியது:

மடு கணக்கு சரி, ஆனால் அண்ணன் குளிரை விட்டுவிட்டார். லடாக்கின் ஜான்ஸ்கர் மாதிரி பனி உருகி வரும் ஆற்றில் மடு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? விழுந்த ஓரிரு நிமிடத்தில் விரல்கள் பேச்சைக் கேட்காது. எறிந்த கயிறு கைக்கு வந்தும் பிடிக்க முடியாமல் ஒருவர் தடுமாறியதை நேரில் பார்த்தேன். வெட்சூட் (நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடுப்பு) தராத இடத்தில் ஏறாதீர்கள். பருத்தி உடுப்பும் வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இன்னொன்று, அந்த மாதிரி ஆறுகளில் வெயில் ஏறஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் நீர்மட்டமும் ஏறும். காலையில் பார்த்த ஆறு சாயங்காலம் இருக்காது.

என் ஓட்டு அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஓடும் கொலராடோ ஆற்றுக்கு. அங்கே 6 வரை எண்ணி நிறுத்துவதில்லை, 1 முதல் 10 வரை தனிக் கணக்கு. 'கிரிஸ்டல்' என்ற பேர்போன ரேபிட், 1966 டிசம்பரில் பக்கவாட்டுப் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டியதால்தான் இவ்வளவு மோசமானது. ஒரே வெள்ளத்தில் ஆற்றின் குணமே மாறிவிட்டது. 1869-ல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வாளர் ஒரு குழுவோடு மரப்படகுகளில் கிராண்ட் கேன்யனுக்குள் போனார், அதுவும் போரில் ஒரு கையை இழந்தவர். கடைசியில் ஒரு ரேபிட்டைப் பார்த்துவிட்டு அவர் குழுவில் மூன்று பேர், இனி முடியாது என்று மலையேறிப் போய்விட்டார்கள். படகில் தொடர்ந்தவர்கள் இரண்டு நாளில் வெளியே வந்துவிட்டார்கள். ஏறிப்போன மூவரும் திரும்பவே இல்லை. அந்த இடத்துக்கு இன்றும் 'செப்பரேஷன்' (பிரிவு) என்றுதான் பெயர்.

கரையோரம் எழுதியது:

நின்றுவிடலாம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை கேட்டேன். கடைசியாக ஒன்று: விழாமல் இருக்க எங்கே பிடித்துக்கொள்வது? படத்தில் எல்லோரும் ராஃப்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், கையிலோ துடுப்பு. நடுவில் உட்காரக் கூடாதா?

பழையதுடுப்பு எழுதியது:

மூன்றாம்வரிசை, குளிர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், விட்டிருக்கக் கூடாது.

கரையோரம், கைடு 'கீழே இறங்கு' என்று கத்தும்போது மட்டும்தான் நடுவில். மற்ற நேரம் ஓரத்தில்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பு தண்ணீருக்கு எட்டாது. பிடிப்பு கையில் இல்லை, காலில். முன்னால் இருக்கும் குறுக்குக் குழாயின் அடியில் ஒரு பாதத்தைச் செருகுங்கள். இறுகச் செருகாதீர்கள், கவிழ்ந்தால் தானாகக் கழன்றுவர வேண்டும். அலை வரும்போது எல்லோரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு உறைந்துபோவார்கள். அப்போதுதான் விழுவதே. தண்ணீருக்குள் இருக்கிற துடுப்பு மூன்றாவது கால் மாதிரி, வாரிக்கொண்டே இருங்கள். இன்னொரு கை துடுப்பின் உச்சியில் உள்ள பிடியை மூடியபடி இருக்கட்டும். அது கையை விட்டால் பக்கத்தில் இருப்பவர் பல்லுக்குத்தான் போகும். நான் ஒருவருக்குத் தையல் போட வைத்திருக்கிறேன்.

ஆறு விஷயத்தில், கௌடியாலா வேண்டாம், சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 16 கிலோமீட்டர் உங்கள் குழுவுக்குப் போதும். மழைக்காலத்தில் அங்கே ராஃப்டிங் நிறுத்திவிடுவார்கள், அதற்கேற்ப நாள் பாருங்கள். 'வால்' பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மறுநாள் போகட்டும், நீங்கள் தூங்குங்கள்.

கிளம்பும் முன் உங்கள் லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள், பலமாக. மோவாயைத் தாண்டி ஏறினால் வார் தளர்வு. மறுபடி இறுக்கி, மறுபடி தூக்கச் சொல்லுங்கள்.