1996 அணிப் படம் சுவரில் இருக்கட்டுமா?

(பெங்களூர் அல்சூர் மன்றக் குழு, செவ்வாய் இரவு)

மாலதி அக்கா, 7:12
மன்ற அறைக்குப் பெயிண்ட் வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது. சுவரில் இருந்த படங்களை எல்லாம் கழற்றி என் வீட்டில் வைத்திருக்கிறேன். திரும்ப மாட்ட எது எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இரண்டுக்குக் கண்ணாடியும் மாற்ற வேண்டும். 96 உலகக் கோப்பைக் கிரிக்கெட் காலிறுதியில் ஆடிய நம் அணிப் படம் வேண்டாம் என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அதைக் குழுவிலேயே பேசிவிடலாமே.

கார்த்தி, 7:15
எழுதியது நான்தான் அக்கா. படத்துக்கு நடுவில் நிற்பவர் அசாருதீன். 2000 டிசம்பரில் மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்தில் வாரியம் ஆயுள் தடை விதித்த கேப்டன். அந்த அறைக்கு இப்போது வருவது பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். முன்சுவரில் யாரை மாட்டுகிறோமோ அவரைப் போல ஆக வேண்டும் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

சுந்தரம் மாமா, 7:21
கார்த்தி, அது அசார் படம் இல்லை, அந்த ராத்திரியின் படம். 1996 மார்ச் 9. நம்ம சின்னசாமி மைதானம், எதிரே பாகிஸ்தான், உலகக் கோப்பைக் காலிறுதி. சித்து 93 எடுத்தார், கடைசியில் அஜய் ஜடேஜா 25 பந்தில் 45, அதுவும் வக்கார் யூனிஸை அந்த அடி. அப்புறம் பாகிஸ்தானின் சோஹைல் ஒரு ஃபோர் அடித்துவிட்டு மட்டையை நீட்டி வம்புக்கு இழுக்க, அடுத்த பந்திலேயே நம்ம பிரசாத் ஸ்டம்பைச் சாய்த்தார். பிரசாத், கும்ப்ளே, ஸ்ரீநாத், மூன்று பேரும் கர்நாடகக்காரர்கள். அந்தப் படத்தை இறக்கினால் எதை மாட்டுவீர்கள்?

திவ்யா, 7:26
மாமா சொன்ன அதே ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜடேஜாவுக்கும் 2000இல் ஐந்து வருடத் தடை, 2003இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. சித்துவுக்கு 1988இல் சாலையில் நடந்த சண்டையில் ஒருவர் இறந்த வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் ஓராண்டுச் சிறை கொடுத்தது. எதிரணியில் ஆடிய சலீம் மாலிக்குக்கு 2000இல் ஆயுள் தடை. கெட்ட பெயர் வாங்கியவரை எல்லாம் எடுக்க வேண்டும் என்றால் அந்த ஸ்கோர் கார்டில் பாதி காலியாகிவிடும் கார்த்தி.

கார்த்தி, 7:28
ஸ்கோர் கார்டை அழிக்க நான் சொல்லவே இல்லையே. ரன் ரன்தான், அது புத்தகத்தில் இருக்கட்டும். 99 டெஸ்ட், 22 சதம், யார் மறுக்கிறார்கள். நம் சுவரில் மாட்டி, ஆயுத பூஜைக்குப் பூ வைப்பது வேறு. ரன்னை அவர் எடுத்தார், பூவை நாம் வைக்கிறோம்.

இர்ஃபான் அண்ணன், 7:34
நான் இதில் பேச வேண்டும். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தோம். கழுத்தில் தாயத்து ஆட ஆட, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்து மிட்விக்கெட்டில் போகும். எங்கள் வீட்டில் அப்பா அவர் படத்தைத் தவிர வேறு ஆட்டக்காரர் படம் மாட்டியதில்லை. 2000இல் அந்தச் செய்தி வந்தபோது பள்ளியில் சில பேர் எங்களைப் பார்த்துப் பேசிய பேச்சு வேறு மாதிரி இருந்தது, ஏதோ குற்றத்தில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிற மாதிரி. இந்தக் குழுவில் யாரும் அப்படிப் பேசவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜடேஜா டிவியில் வருகிறார், 2023 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் அணிக்கு ஆலோசகராகப் போனார், நாமும் கை தட்டினோம். அசார் விஷயத்தில் மட்டும் சுவர் வரைக்கும் ஏன் வருகிறோம்?

கார்த்தி, 7:37
நியாயமான கேள்வி அண்ணா. ஜடேஜா படம் தனியாக இருந்திருந்தால் அதையும் இறக்கத்தான் சொல்லியிருப்பேன்.

திவ்யா, 7:40
இன்னொன்றும் இருக்கிறது. 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அசார் மீதான தடை சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. அதற்கு முன்னாலேயே 2009இல் மொராதாபாத்தில் ஜெயித்து எம்.பி. ஆகிவிட்டார், அப்புறம் 2019இல் ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். தென் ஆப்பிரிக்கக் கேப்டனாக இருந்த குரோனியே, அந்த நாட்டு விசாரணை ஆணையத்தில் அவர் பெயரைச் சொன்னது உண்மை, 96இல் கான்பூரில் ஒரு புக்கியை (பந்தயத் தரகரை) அறிமுகப்படுத்தியதே அசார்தான் என்று. அசார் எல்லாவற்றையும் மறுத்தார். நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகு, குற்றம் நிரூபணமான ஆள் என்று நம் மன்றம் ஒரு தீர்ப்பு எழுத முடியாது.

சுந்தரம் மாமா, 7:52
நான் ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2000 மார்ச்சில் தென் ஆப்பிரிக்காவோடு இங்கே டெஸ்ட். அசாருக்கு அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. இந்தியா இன்னிங்ஸ் தோல்விக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நிலைமையில் இரண்டாவது இன்னிங்ஸில் 102 அடித்தார். முதல் டெஸ்டிலும் சதம், கடைசி டெஸ்டிலும் சதம். நான் எழுந்து நின்று கை தட்டினேன், எங்கள் வரிசையே நின்றது. எதிரணி கேப்டன் குரோனியே. அவரையும் எனக்குப் பிடிக்கும், எவ்வளவு ஒழுங்கான ஆள் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அடுத்த மாதம், ஏப்ரலில், டெல்லி போலீஸ் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சு வெளியே வந்தது. முதலில் குரோனியே இல்லவே இல்லை என்றார், நாலு நாளில் ஒப்புக்கொண்டார். நாக்பூர் ஒருநாள் ஆட்டத்தில் தன் அணியின் கிப்ஸிடம் 20 ரன்னுக்குள் அவுட் ஆகச் சொல்லி 15,000 டாலர் பேசியிருக்கிறார். கிப்ஸ் சரி என்று சொல்லிவிட்டு 74 அடித்தார், அது வேறு கதை. கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ் என்று அந்த ஆட்டத்தில் கேப்டன் கேட்டுச் சரி சொன்ன இரண்டு பேருமே வெள்ளையர் அல்லாத ஆட்டக்காரர்கள். அணியில் இடம் உறுதியில்லாதவனிடம் கேப்டன் வந்து கேட்டால் அவன் எப்படி மறுப்பான்? இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்த எந்த ஆட்டமும் பழைய மாதிரி இல்லை. ஒருவர் ரன் அவுட் ஆனால், ஒரு பந்து லெக் சைடில் வைடு போனால், மனசு உடனே கணக்குப் போடுகிறது. முன்னாலே பார்த்த ஆட்டங்களையும் திரும்ப எடுத்துச் சந்தேகப்படுகிறேன். டிக்கெட் காசு போகட்டும். நான் நம்பிப் பார்த்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் ஆட்டத்தை விற்றேன் என்று ஒப்புக்கொண்டவன், நிரூபணமானவன், அவன் எத்தனை சதம் அடித்திருந்தாலும் மரியாதை வரிசையில் வரக்கூடாது. செத்தாலும் கூடாது. குரோனியே 2002இல் விமான விபத்தில் இறந்தார், 2004இல் அந்த நாட்டு டிவி நடத்திய வாக்கெடுப்பில் மாபெரும் தென் ஆப்பிரிக்கர்களில் அவருக்குப் பதினோராவது இடம். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாலதி அக்கா, 7:55
மாமா, அப்படியானால் 96 படம் வேண்டும் என்று நீங்களே ஏன் சொல்கிறீர்கள்?

சுந்தரம் மாமா, 7:57
அதுதானம்மா எனக்கும் கஷ்டம். அந்த ராத்திரியையும் விட முடியவில்லை.

கார்த்தி, 8:03
அமெரிக்காவில் இதையே வருடக்கணக்கில் இழுத்திருக்கிறார்கள். பீட் ரோஸ் என்று பேஸ்பால் ஆட்டக்காரர், 4,256 ஹிட், இன்றுவரை அங்கே அதை யாரும் தாண்டவில்லை. தான் மேனேஜராக இருந்த அணியின் ஆட்டத்திலேயே பந்தயம் கட்டினார் என்று 1989இல் நிரந்தரத் தடை. 91இல் அங்கே புகழ் மண்டபம், அதாவது பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் இடம், விதியே போட்டது, தடையில் இருப்பவர் பெயர் வாக்குச்சீட்டில் வராது என்று. அவர் 2004 வரை மறுத்துக்கொண்டே இருந்தார். 2024 செப்டம்பரில் இறந்தார், 2025 மே மாதம் தடையை நீக்கினார்கள், இறந்தவருக்குத் தடை எதற்கு என்று. இத்தனைக்கும் அவர் படமும் பொருள்களும் அதே கட்டடத்தின் அருங்காட்சியகத்தில் முன்னாலிருந்தே இருக்கின்றன. வெண்கலத் தகடு பதிக்கும் மண்டபத்தில் மட்டும்தான் இடம் இல்லை. நான் கேட்பதும் அதுதான்.

திவ்யா, 8:06
ஆனால் அதே நாட்டில் கொலை வழக்கில் விடுதலையாகி, பின்னால் கொள்ளை வழக்கில் சிறை போன ஓ.ஜே. சிம்ப்சனின் மார்பளவுச் சிலை அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அப்படியே இருக்கிறது. ஆட்டத்துக்கு வெளியே என்ன நடந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை என்று அவர்கள் எழுதியே வைத்துவிட்டார்கள். எனக்கு அதுவும் ஒப்பவில்லை. பந்தயம் கட்டினால் வாசலுக்கு வெளியே, வேறு எது செய்தாலும் உள்ளே இருக்கலாம் என்பது என்ன கணக்கு?

இர்ஃபான் அண்ணன், 8:09
ஆஸ்திரேலியாவின் வார்னே 2003இல் தடை செய்த மாத்திரை சாப்பிட்டு ஒரு வருடம் வெளியே இருந்தார், 2013இல் ஐசிசி புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். பாகிஸ்தானில் மேட்ச் ஃபிக்ஸிங்கை விசாரித்த நீதிபதி கய்யூமின் அறிக்கை வாசிம் அக்ரமை இனி கேப்டனாக வைக்கவே கூடாது என்றது, அபராதமும் போட்டது. அவரும் அந்த மண்டபத்தில் இருக்கிறார். நல்ல பவுலர் என்றால் மன்னிப்பு சீக்கிரம் கிடைக்கிறது போல.

திவ்யா, 8:20
நாம் எல்லாரும் கெட்ட பெயர் வந்தவர், கெட்ட பெயர் வந்தவர் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். தப்பே செய்யாமல் கெட்ட பெயர் வந்தவர் ஒருவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜன். 2006 தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டரில் வெள்ளி. அப்புறம் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊசி போடவில்லை, காசு வாங்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அந்தச் செய்தி டிவியில் ஓடிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி நாடே உட்கார்ந்து பேசியது. பின்னால் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். 2015இல் ஓட்டக்காரர் டூட்டி சந்த் வழக்குப் போட்டு, ஆண் ஹார்மோன் அதிகமுள்ள பெண்கள் ஓடக்கூடாது என்ற விதியையே நிறுத்தி வைக்க வைத்தார், ஆனால் சாந்தியின் பதக்கம் திரும்ப வரவில்லை.

அவர் படம் நம் சுவரில் ஒரு நாளும் இருந்ததில்லை. அசார் இருக்கலாமா கூடாதா என்று ஒரு மணி நேரமாகப் பேசுகிறோம், சாந்தி ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

மாலதி அக்கா, 8:22
என் பெண் பள்ளியில் 800தான் ஓடுகிறாள். அவளுக்கு இந்தப் பெயர்கூடத் தெரியாது.

சுந்தரம் மாமா, 8:24
திவ்யா சொன்னது சரி. முன்சுவரில் சாந்தியை மாட்டுங்கள். பணம் நான் தருகிறேன்.

கார்த்தி, 8:29
இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அறையில் இரண்டு சுவர் இருக்கிறது. முன்சுவரில் நாம் வணங்குகிற வரிசை, ஆயுத பூஜைக்குப் பூ வைக்கிற இடம். ஜன்னல் பக்கச் சுவரில் ஆட்டங்கள், பத்திரிகை வெட்டுகள், ஸ்கோர் கார்டு. 96 படம் இரண்டாவது சுவருக்குப் போகட்டும், 287க்கு 8 என்று ஸ்கோரோடு. அங்கே யாரையும் வெட்டி எடுக்க வேண்டாம். அசாரும் இருக்கட்டும், பெயரோடு. கீழே 2000இல் தடை, 2012இல் நீதிமன்றம் நீக்கியது, இரண்டையும் எழுதிவிடலாம்.

இர்ஃபான் அண்ணன், 8:33
அவர் பேருக்குக் கீழே மட்டும் அதை எழுதுவது எனக்கு வேண்டாம். எழுதினால் அந்தப் படத்தில் இருக்கிற எல்லாருக்கும் எழுது. இல்லாவிட்டால் ஆட்டத்தின் பெயரும் தேதியும் போதும். பையன்கள் கேட்டால் நான் உட்கார்ந்து சொல்கிறேன், நல்லதையும் கெட்டதையும்.

கார்த்தி, 8:35
சரி அண்ணா, எல்லாருக்கும் எழுதலாம். நான் தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன், திவ்யா ஒரு முறை பார்க்கட்டும், தீர்ப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை பிசகக்கூடாது.

திவ்யா, 8:36
அனுப்பு. ஜடேஜாவுக்கு 2003, மறக்காதே. சித்து வழக்கு ஆட்டத்தைச் சேர்ந்ததில்லை, அது அங்கே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சுந்தரம் மாமா, 8:41
பக்கச் சுவர் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் நாளைக்கு யாராவது குரோனியே படத்தைக் கொண்டுவந்து, நல்ல கேப்டன்தானே, அவரையும் பக்கச் சுவரில் மாட்டலாம் என்றால் நான் மன்றத்துக்கே வரமாட்டேன். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மாலதி அக்கா, 8:44
யாரும் கொண்டுவரமாட்டார்கள் மாமா. அப்போ முன்சுவரில் பிரசாத்துக்கும் கும்ப்ளேவுக்கும் நடுவில் இருந்த இடம் காலி. சாந்தி படம் என்ன அளவில் பிரிண்ட் போடச் சொல்ல? மற்றது எல்லாம் 12க்கு 18.

திவ்யா, 8:45
தோஹாவில் ஓடுகிற படம்தான் வேண்டும் அக்கா, அழுகிற படம் வேண்டாம். 18க்கு 24 போடுங்கள்.

சுந்தரம் மாமா, 8:46
24தான். ஃபிரேம் கடைக்கு நான் நாளைக் காலையில் போகிறேன், யாராவது ஒருவர் கூட வாருங்கள்.